எருமைக்கு ஒரு குழி

அன்புள்ள அம்மா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கடந்த எட்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊத்தங்கரைப் பக்கம் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய்வருகிறேன். அடிமாட்டு லாரிகளிலிருந்து மீட்ட மாடுகள், கால் ஒடிந்த ஆடுகள், கறிக்கோழிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. சாணி அள்ளுவது, தீவனம் நறுக்குவது, புண்ணுக்கு மருந்து போடுவது என்று நாள் போவதே தெரியாது. கன்றுக்குட்டிகள் என்னைக் கண்டதும் ஓடிவரும். கிழட்டு எருமை ஒன்றும் இருக்கிறது. அது எதற்கும் அசைவதில்லை, அதனுடன் மட்டும் யாருக்கும் ஒட்டுதல் வரவில்லை.

போன மாதம், நான் கையில் வைத்துத் தீனி ஊட்டிய கறிக்கோழி ஒன்று திடீரென்று இறந்துவிட்டது. இன்னும் மனம் ஆறவில்லை. சுற்று ஊர்க்காரர்கள் பால் வற்றிய மாட்டைக் கண்ணீர் இல்லாமல் விற்றுவிடுகிறார்கள். இவர்களுக்கு இரக்கமே கிடையாதா? நான் பால், தயிரை விட்டுவிட்டேன். வீட்டில் தினமும் சண்டை. வேலையையும் விட்டுவிட்டு முழுநேரமாக அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

பெயர் வேண்டாம், ஓசூர்

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் சில கேள்விகள் இருந்தன. எனக்குத் தூக்கம் கெட்டது கேள்வியாகக்கூட இல்லாத ஒரு வரியால். அதற்கு வருகிறேன்.

முதலில் கோழி. அது உங்கள் கையால் சாகவில்லை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை ஏற வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் அது. அதற்குமேல் அது வாழும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. உடம்பு வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடு கொடுக்க முடிவதில்லை. அடுத்து வருகிற கோழிக்குத் தீனியை அளந்து வையுங்கள், கொஞ்சம் நடக்க விடுங்கள். பாசத்தில் ஊட்ட ஊட்ட அதன் ஆயுள் குறையும். நெஞ்சில் வைத்து அழுதீர்களே, அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பால் குடிப்பதும் விடுவதும் உங்கள் சமையலறைச் சமாச்சாரம். உங்கள் அம்மாவிடம் பேசுங்கள், என்னிடம் வேண்டாம். வேலையை விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் காப்பகத்துக்கு வைக்கோல் வாங்கப் பணம் வேண்டும். உங்கள் இரண்டு கைகளைவிட உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே அதிக மாடுகளை உயிரோடு வைத்திருக்கும்.

ஊர்க்காரர்களுக்கு இரக்கம் கிடையாதா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாடு நாளைக்குப் பதினைந்து இருபது கிலோ பசுந்தீவனமும் ஐந்தாறு கிலோ வைக்கோலும் தின்னும். சினை பிடிக்காமல் நின்றுவிட்டால் ஆண்டு முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். மழை இல்லாத ஆண்டில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவர் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அதை ஓட்டிப்போகும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். பணத்தை எண்ணி வாங்குகிற இடத்தில் யார் அழுவார்கள்? நீங்கள் பார்த்தது சந்தையை. வீட்டுக்குப் போன பிறகு வெறும் கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை.

இனி அந்த வரி. "எதற்கும் அசைவதில்லை."

அது ஏன் அசைய வேண்டும், அம்மா? அதற்கு வெயில் தாங்கவில்லை. எருமையின் கறுப்புத் தோல் வெயிலை அப்படியே உள்வாங்கும். வியர்வைச் சுரப்பியோ பசுவுக்கு இருப்பதில் சிறு பங்குதான். வியர்த்து ஆற வழியில்லாத உடம்பு. தண்ணீரில் கிடந்தால்தான் அதற்குச் சூடு இறங்கும். சேறு பூசிக்கொண்டால் காய்வதற்குள் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி, ஈயும் உண்ணியும் அண்டாது. ஊத்தங்கரை வெயிலில், தகரக் கொட்டகையில், குடிக்க ஒரு தொட்டித் தண்ணீரோடு அதை நிறுத்திவைத்துவிட்டு, ஒட்டுதல் வரவில்லை என்கிறீர்கள். காய்ச்சலில் படுத்திருக்கிற கிழவியிடம் போய், சிரித்துப் பேசமாட்டேன் என்கிறாள் என்று குறைப்படுவது போல இருக்கிறது இது.

என் ஆயா பாரூர் ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரி. எருமைதான் அவள் சொத்து. பத்து மணி வெயில் ஏறியதும் அவை தாமாகவே ஏரிக்கு நடக்கும், பின்னால் கையில் குச்சியோடு ஆயா. தண்ணீருக்கு மேலே மூக்கும் கொம்பும் மட்டும்தான் தெரியும். கொம்பின் வளைவை வைத்தே இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். நீங்கள் ஏரியில் கிடக்கும் எருமையைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் எதற்கும் அசைவதில்லை என்று எழுதியிருக்கமாட்டீர்கள். கரையேற்ற ஆயா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கேட்காதது போல அவை கண்ணை மூடிக்கொள்ளும். அத்தனை திமிர்!

அதே ஆயாதான், கிடாக்கன்று பிறந்தால் அதற்கு வயிறு நிறையப் பால் விடமாட்டாள். கன்று செத்துப்போனால் தோலை உரித்து வைக்கோல் அடைத்துத் தாயின் முன் நிறுத்திப் பால் கறப்பாள். எருமை கன்றைக் காணாமல் எளிதில் பால் சுரக்காது. தாய் அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொடுக்கும், ஆயா கறந்துகொண்டே அதன் மடியைத் தடவிக்கொடுப்பாள். அந்தப் பாலில் எடுத்த வெண்ணெய் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போய், எங்களுக்குப் பள்ளிச் சீருடையாக வந்தது. இதில் எந்த இடத்தில் இரக்கம் முடிந்தது என்று கோடு போட்டுக் காட்டுங்கள், பார்க்கலாம். என்னால் இன்றுவரை முடியவில்லை.

ஏரி வறண்ட ஒரு பஞ்சத்தில் ஆயாவின் எருமைகளை விற்றார்கள். மாமா கடன் வாங்கிச் சீமைப் பசு வாங்கினார். ஊரெல்லாம் இதே கதைதான். எருமைக்குப் பருவம் வந்தால் பசுவைப் போலக் கத்திக் காட்டாது; கவனிக்காமல் விட்டால் சினை ஊசி போடும் நாள் தவறிவிடும், அடுத்த ஈற்றுக்கு நாளாகும். இதெல்லாம் காரணம்தான். ஆனால் முதல் காரணம் தண்ணீர் என்பேன். கிடக்க ஏரி இல்லாமல் எருமை வளர்க்க முடியாது. இருக்கிற தண்ணீரும் எப்படி இருக்கிறது? உங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்க்கிறீர்களே, அதில் எதை இறக்குவது? 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் 5.19 லட்சம். ஏழே ஆண்டுகளில் மூன்றில் ஒன்று போய்விட்டது. யாராவது மறியல் செய்தார்களா? எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதற்கு 2023 பிப்ரவரியில் ஓசூர் நெடுஞ்சாலையே நின்றது. எருமைக்கு ஒரு பஸ்கூட நிற்கவில்லை.

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் பக்கம் போனால் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கோவிவன் என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காவல் இருந்ததை அதில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்குக் கல் எடுத்த ஊர் என்று எல்லோரும் சிலாகிக்கிறார்கள், சரிதான். கருந்தேவக்கத்தி என்ற அந்த வீரன் எதைக் காக்கப் போய்ச் செத்தான் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. தன் எருமைகளுக்காக! அதை யாரும் எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. நம் காப்பகங்களுக்கு நன்கொடை கேட்டு வரும் படங்களிலும் நெற்றியில் பொட்டு வைத்த வெள்ளைக் கன்றுதான் இருக்கிறது. எருமையின் படத்தை எவரும் அனுப்புவதில்லை.

எனவே அடுத்த ஞாயிறு கன்றுக்குட்டிகளைக் கொஞ்சியது போதும். மண்வெட்டி எடுங்கள். நிழல் விழும் இடமாகப் பார்த்து, புங்க மரம் இருந்தால் அதன் கீழே, இரண்டரை அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். ஒரு பக்கம் நீளமான சரிவாக இருக்கட்டும், கிழட்டு மூட்டு செங்குத்தாக ஏறாது. சிமெண்ட் வழவழப்பாகப் பூசிவிடாதீர்கள், வழுக்கி விழுந்தால் எழுப்ப முடியாமல் போகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்று நிர்வாகி கேட்பார். அழுக்குத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தீவனப்புல்லுக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள், புல்லுக்கு அது உரம். குழி தயாராகும்வரை உச்சிவேளையில் மூன்று முறையாவது முதுகில் தண்ணீர் ஊற்றுங்கள், ஈரச் சாக்கைப் போட்டுவையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ எச்சில் ஒழுகினாலோ காத்திருக்காதீர்கள், 1962 எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இன்னொன்று. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட வேண்டும், அந்த நோய் பசுவைவிட எருமையைத்தான் அதிகம் கொல்லும். உங்கள் காப்பகத்தில் அதைப் போட்டாயிற்றா என்று பதிவேட்டைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். எருமையின் கொம்பு எப்படி வளைந்திருக்கிறது என்றும் எழுதுங்கள்.

அன்புடன்.