பாடகர் குழுவை விட்டு விலகலாமா?

இப்போது விலகாதீர்கள். திருமங்கலம் கிறிஸ்தவ சபையில் 12 வருடமாக நீங்கள் நடத்திய பாடகர் குழுவை ஐயர் (சபைப் போதகர்) ஒரு இளைஞரிடம் கொடுத்துவிட்டார், ‘தாழ்மையோடு ஒதுங்கிவிடவா’ என்று கேட்கிறீர்கள். ‘நான் இல்லாமல் பாட்டு எடுபடாது’ என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது தாழ்மை இல்லை சகோதரரே, காயப்பட்ட பெருமை.

பெருமை ஊழியத்திலும் ஜெபத்திலும்தான் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வேதாகமத்தில் லூக்கா 18-இல் வரும் பரிசேயன், மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவன், வாரத்துக்கு இரண்டு முறை உபவாசித்தான், வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுத்தான். எல்லாம் நல்ல காரியம்தான். தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிக்கிறவனை, அற்பமாக எண்ணியதில் விழுந்தான். குடி வெளியே தெரியும், பெருமை தெரியாது, அதுதான் பயம்.

வரும் ஞாயிறு பின்வரிசையில் நின்று அந்தத் தம்பியோடு சேர்ந்து பாடுங்கள். அவருக்குச் சுருதி விலகும்போது உள்ளுக்குள் சந்தோஷம் வருகிறதா? வந்தால் அதை அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு சபையில் நானும் அப்படி நின்றவன். மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டில், யாரிடமும் சொல்லாமல், இலை எடுக்கப் போனேன். அங்கேதான் மனது இளகியது.

ஒன்று மட்டும்: எல்லார் முன்னாலும் உங்களை அவமானப்படுத்தியிருந்தால், வாயை மூடிக்கொள்வதுதான் தாழ்மை என்று நினைக்க வேண்டாம். ஐயரைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள்.