பிளஸ் டூ முடிந்த இரண்டு மாதம்

அன்புள்ள ஐயா,

தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு போட நன்கொடை கேட்டு அலைந்திருக்கிறேன். வசதியானவர்களோ பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். அடிமரம் காய்ந்து கிடக்க நுனிக்கிளைக்கு ஏன் தண்ணீர்? பெயருக்காகத்தானே?

ம., பென்னாகரம்

அன்புள்ள ம. ஐயா,

பெயருக்காகவும் கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அழகப்பச் செட்டியாரை நினைத்துப் பாருங்கள். 1947இல் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டார். அங்கேயே ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார் செட்டியார். பிறகு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெயர் மட்டும் போதுமென்றால் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கலாமே.

நம் பக்கத்துக்கு வருவோம். பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓசூர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மாமா "வந்துடுடா" என்கிறார். பெண்பிள்ளை என்றால் வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நீங்கள் ஊற்றி வளர்த்தது அந்த இரண்டு மாதத்தில்தான் கருகுகிறது. அதுவும் பெரிய தொகைக்காக அல்ல.

நான் கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படித்தபோது கட்டணம் ஒரு பிரச்சினையாகவே இல்லை. மெஸ் பணம்தான் இல்லை. பழையபேட்டையில் புளி மண்டி வைத்திருந்த ஒருவர் மூன்று வருடமும் கட்டினார். அவர் எட்டாவதோடு நின்றவர். ஏன் எனக்குக் கட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நீ முடிச்சிட்டா உன் தங்கச்சிங்கள நீ பாத்துப்ப, நான் பாக்க வேண்டியதில்ல" என்றார். அப்படியேதான் நடந்தது. தங்கைகள் இருவரும் பட்டதாரிகள். இளைஞர்களுக்குக் கொடுப்பவர்கள் மனதில் ஓடும் கணக்கு இதுதான் என்று நம்புகிறேன். நாலைந்து வருடத்தில் கண்ணெதிரே ஒரு வீடு நிமிர்ந்துவிடும்.

இப்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அஞ்செட்டி மலைக் கிராமத்திலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது போதாது. என் வருத்தமும் இங்கேதான். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் கொடுக்க ஆள் குறைவு.

உங்கள் பள்ளிக் கதவுக்குக் கொடுக்காதவர்களுக்காக நான் வாதாடவில்லை. சரி, ஒன்று செய்யுங்கள். உங்களிடம் படித்தவர்களில் இந்த வருடம் யார் யார் பிளஸ் டூ எழுதுகிறார்கள், யார் வீட்டில் தயங்குகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். நானும் நண்பர்கள் நான்கு பேரும் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மெஸ் பணம் கட்டிவருகிறோம். மே மாதத்துக்கு முன்னால் பெயர்கள் கிடைத்தால் நல்லது.