பெட்டியில் மிதந்து வந்த பிள்ளை

கேள்வி: புராணக் கதைகளும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் மனித வார்ப்புகளும், நாம் கதை சொல்வதையும் மனிதர்களைப் புரிந்துகொள்வதையும் எப்படிப் பாதிக்கின்றன?

பெரிய கேள்வி. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஆளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். கர்ணன்.

ஆற்றில் விடப்பட்டு, வேறு யாரோ எடுத்து வளர்க்கும் குழந்தை ஊருக்கு ஊர் உண்டு. பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காத் மன்னன் சார்கோன் கீல் பூசிய நாணல் கூடையில் ஆற்றோடு போனான். தண்ணீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான். மோசே நைல் நதிக்கரை நாணலுக்குள் கிடந்தார். ரோமுலசும் ரீமசும் டைபர் ஆற்றில். ஆட்டோ ராங்க் என்ற உளவியலாளர் 1909-லேயே இப்படிப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தி எழுதிவிட்டார்; அந்த வரிசையில் நம் கர்ணனும் உண்டு. எல்லா மனித மனங்களுக்கும் அடியில் பொதுவான படிமங்கள் கிடக்கின்றன என்று உளவியலாளர் கார்ல் யுங் சொன்னதும் இந்த மாதிரிக் கதைகளையும் பார்த்துத்தான்.

சரி, ஒற்றுமை இருக்கட்டும். எனக்கு வித்தியாசம்தான் கண்ணில் படுகிறது. சார்கோன் பேரரசன் ஆனான். மோசே தன் மக்களை மீட்டார். ரோமுலஸ் பெயரில் ரோம் என்று ஒரு நகரமே இருக்கிறது. ஆற்றில் வந்தவன் கடைசியில் ஜெயிப்பான் என்பதுதான் வழக்கமான கணக்கு. கர்ணன் தோற்கிறான். அங்க நாடு கிடைத்த பிறகும் தேரோட்டி மகன் என்ற பேச்சு அவனை விடவில்லை. இவன் அவர்களுக்கு அண்ணன் என்று பாண்டவர்களுக்குத் தெரியும்போது உயிர் போயிருக்கிறது. அப்படித் தோற்றவனை நம் ஊர் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

அதோடு விடவும் இல்லை. சுமார் 600 வருடங்களுக்கு முன் வில்லிபுத்தூரார் தமிழில் பாரதம் பாடினார். அதில் குற்றுயிராகக் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் கிழ அந்தணனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அத்தனையையும் யாசகம் கேட்கிறான். ரத்தத்தையே தாரை வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். வியாச பாரதத்தில் இந்தக் காட்சி கிடையாது. ஆனால் இது இல்லாத கர்ணனை எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. பத்து வயதில் ஆயாவோடு பாயில் உட்கார்ந்து கர்ண மோட்சம் பார்த்தேன். பாதி தூக்கத்தில் மத்தளச் சத்தம் எழுப்பிவிட்டது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதற்குப் பின்னால் கர்ணன் பாடி ஆடுகிறான். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிகிறது. திரை விலகியதும் தோளில் கட்டிய புஜகீர்த்தியோடு சுழன்றான் பாருங்கள், புழுதி எங்கள் பாய் வரைக்கும் வந்தது.

அப்புறம் பொன்னுருவி. கர்ணனின் மனைவி. நாட்டார் கதைகளில்தான் இவளுக்கு இவ்வளவு பெரிய இடம். புருஷன் போருக்குப் போகுமுன் விடைபெற வருகிறான். இவளோ பிறப்பைச் சொல்லிக் காட்டி ஏசுகிறாள். தேர்ப்பாகன் வளர்த்த உனக்கு ராஜகுமாரி ஒரு கேடா என்கிற மாதிரி. அன்றைக்குப் பொன்னுருவி வேஷம் கட்டியவர், பகலில் எங்கள் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வருகிற ஆள். வேஷத்துக்கு உள்ளே போனதும் அவர் முகத்தில் எப்படி அந்த இளக்காரம் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கட்டியக்காரன் நடுவில் புகுந்து ஏதோ கோமாளித்தனம் செய்தான். முன்வரிசை சிரித்தது. பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சிரிக்கவே இல்லை. அது ஏன் என்று விளங்க எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆனது.

"ஏன் ஆயா இவ இப்படித் திட்டறா?" என்றேன். "ஊர்ல எவ திட்டல கண்ணு," என்றார் ஆயா, வெற்றிலையை மென்றுகொண்டே.

வார்ப்பு என்று சொல்கிறோமே, அது காலிப் பாத்திரம் மாதிரி. பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்துவது அன்றாட விஷயமாக இருக்கும் ஊரில் அதற்குள் பொன்னுருவி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். 1991-ல் வந்த 'தளபதி' படத்தில் ஆற்றுக்குப் பதில் கூட்ஸ் ரயில். அதில் கர்ணன் பிழைத்துக்கொள்கிறான், துரியோதனன்தான் சாகிறான். ரஜினியைச் சாகவிட முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கதை சொல்வதற்கு இது சரி. மனிதர்களைப் புரிந்துகொள்ள உதவுகிறதா என்றால், பாதி உதவுகிறது, பாதி கெடுக்கிறது. 'செஞ்சோற்றுக் கடன்' என்ற ஒரே சொல்லில், தப்பான முதலாளியை விட்டுப் போக முடியாதவனின் மொத்தச் சங்கடமும் அடங்கிவிடுகிறது. ஆனால் ஆயாவின் தம்பி அக்கா வீட்டோடு வந்து தங்கிய நாளிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் 'சகுனி' என்று பெயர். தாய்மாமன் சீருக்கு மட்டும் வேண்டும், வீட்டோடு இருந்தால் சகுனி! நிலம் இரண்டு ஏக்கர் கைமாறியபோது எல்லோரும் அவரைத்தான் கைகாட்டினார்கள். பத்திரத்தைப் பல வருடம் கழித்துப் புரட்டினேன். விற்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தது என் அப்பா. மாமா தாத்தா ஒன்றும் உத்தமர் இல்லை, குத்தகைக் கணக்கில் கைவைத்திருக்கிறார். ஆனாலும் சகுனி இல்லை. அந்தப் பெயர் இருந்ததால் யாரும் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

கூத்து நடத்தும் ஊருக்கு இது தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன். பதினெட்டாம் நாள் போர்க் கூத்து முடிந்த காலையில் படுகளம் என்ற சடங்கு. களிமண்ணில் ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்குத் துரியோதனனைப் படுக்க வைத்து, பீமன் தொடையில் அடித்து, அந்த ரத்தம் பூசி அம்மனுக்குக் கூந்தல் முடிவார்கள். ஊரே ஆரவாரம் செய்யும். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது ஆயா குனிந்து துரியோதனன் உடம்பிலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார். நெல் குதிரில் போட.