எச்.பி.வி. பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல்: எதை நம்புவது?

கேள்வி: வயது 43. ஹெல்த் செக்கப்பில் எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, பாப் ஸ்மியர் நார்மல். கர்ப்பப்பையை எடுத்துவிடு, நிம்மதி என்கிறார் அக்கா. கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: இரண்டையுமே நம்பலாம். பாப் ஸ்மியர், கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் புற்றுநோயை நோக்கி மாறியிருக்கின்றனவா என்று பார்க்கிறது, எச்.பி.வி. டெஸ்ட் அந்த மாற்றத்தை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. உங்களுக்கு வைரஸ் இருக்கிறது, ஸ்மியரில் மாற்றம் எதுவும் தென்படவில்லை, அவ்வளவுதான். இது புற்றுநோய் ரிப்போர்ட் இல்லை.

இந்த வைரஸில் பல வகை உண்டு, எண்களால் குறிப்பார்கள்; இப்போது ரிப்போர்ட்டை எடுத்து எந்த வகை என்று பாருங்கள். 16 அல்லது 18 என்று இருந்தால், ஸ்மியர் நார்மல்தானே என்று விட்டுவிடாமல் கால்போஸ்கோபி என்ற பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். வேறு வகை என்றால் பெரும்பாலும் ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். கால்போஸ்கோபிக்கு அட்மிட் ஆகத் தேவையில்லை. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி (நம் வினிகர்தான், கொஞ்சம் எரியும்) லென்ஸ் வழியாகப் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறும் இடத்தில் சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். அதில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தாலும் பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் சுட்டோ வெட்டியோ எடுத்துவிடலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். அக்காவின் யோசனைக்கு இப்போது எந்த அவசியமும் இல்லை.

கணவர் விஷயம். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை தொற்றும் வைரஸ் இது, பலருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும், சிலருக்கு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்ட்டாலும் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

அப்புறம் அக்காவையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. டெஸ்ட் எடுத்ததிலேயே இந்தப் புற்றுநோய் மரணங்கள் பாதியாகக் குறைந்தன. 2009-ல் முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் இந்த டெஸ்ட்டைத்தான் முன்னே வைத்தது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. உள்பரிசோதனைக்குக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு, குச்சியை யோனிக்குள் விட்டுச் சுழற்றித் தாங்களே சாம்பிள் எடுக்கும் முறையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2024-ல் மருத்துவமனையிலும், 2025-ல் வீட்டிலும் அப்படி எடுக்க அனுமதி கொடுத்தார்கள். உங்கள் ஊர் லேபில் அந்த வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் மட்டும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் இந்த வருடக் கணக்கெல்லாம் பொருந்தாது, உடனே மகளிர் நல மருத்துவரிடம் போய்விடுங்கள்.