கட்டில் கால் ஈட்டிதானா, இணைப்பு ஏன் விடுகிறது?

பழைய மரக்கடையில் ஈட்டி (ரோஸ்வுட் மரம்) என்று வாங்கிய கட்டில் காலில் ஃபெவிகால் நிற்கவில்லை என்கிறீர்கள். முதலில் அடிப்பக்கத்தை உளியால் ஒரு மில்லிமீட்டர் சீவிப் பாருங்கள். உள்ளேயும் ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடி, சீவலில் இனிய வாசனை வந்தால் ஈட்டிதான். வெளுத்த மரம் தெரிந்தால் சாயம் பூசி விற்றிருக்கலாம். தண்ணீரில் போட்டுப் பார்ப்பதெல்லாம் வீண். காய்ந்த ஈட்டி பெரும்பாலும் மிதக்கும்.

ஈட்டி என்றால் குற்றம் பசையில் இல்லை, மரத்தில் ஊறியிருக்கும் எண்ணெயில். பழைய பசையைச் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, அசிட்டோன் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கருஞ்சிவப்பு ஏறுவது நன்றாகக் குறையவேண்டும். காய்ந்ததுமே ஒட்டிவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் எண்ணெய் திரும்ப மேலே வரும். சென்னை போன்ற ஈரக்காற்றில், ஒட்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை 24 மணி நேரம் தொடாதீர்கள். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், இந்தத் தூள் சிலருக்கு அரிக்கும்.