வக்கீலை மாற்றினால் வழக்கு முதலிலிருந்து ஆரம்பிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 41. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மூன்று வருடம் முன்பு ஸ்கூட்டரில் போகும்போது வேன் மோதி, வலது கால் முறிந்து பிளேட் வைத்தார்கள். இன்றும் மெஷினை மிதிக்க முடியவில்லை. இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. வக்கீல் போனை எடுப்பதில்லை. குமாஸ்தா ‘வாய்தா போட்டிருக்கு’ என்பதோடு சரி. பில், எக்ஸ்ரே எல்லாம் அவர்களிடம்தான். வேறு வக்கீலிடம் போகலாமா?

– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாகப் போகலாம், சகோதரி. வழக்கு உங்களுடையது. வக்கீல் மாறினாலும் எம்.சி.ஓ.பி. எண் (விபத்து இழப்பீட்டு மனுவின் எண்) மாறாது, விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

ஆனால் முதலில் வழக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். குமாஸ்தா சொன்ன வாய்தாவை நம்பியிருந்து, வழக்கு தள்ளுபடியான பிறகு அழுதுகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். ஆஜராகாததால் தள்ளுபடி ஆகியிருந்தால், வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ளக் கேட்டு 30 நாளுக்குள் மீட்பு மனு போட வேண்டும். நாள் தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

பிறகு ஒருமுறை வக்கீலை நேரில் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பதில் போடாமல் இழுத்தாலோ, மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ் வராமல் இருந்தாலோ, தாமதம் அவர் தவறாக இருக்காது. பேசியும் திருப்தி இல்லையென்றால், புது வக்கீல் தரும் வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி, பழைய வக்கீலிடம் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டு, நீதிமன்றத்தில் அனுமதி மனு போடலாம்.

கேஸ் கட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். பீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க முடியாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஏற்கெனவே சான்றாவணமாகக் குறியிட்டவை நீதிமன்றத்தில் இருக்கும், நகல் மனு போட்டு வாங்கலாம். செய்த வேலைக்கான பீஸை நியாயமாகப் பேசிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. புது வக்கீலுக்கும் அதுவேதான். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மெஷின் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டாக்டர் 30 சதவீத ஊனம் என்று எழுதினால், வருமான இழப்பும் அதே 30 தான் என்று கணக்கில்லை. அந்த ஊனம் உங்கள் தொழிலை எவ்வளவு முடக்கியது என்று பார்க்க வேண்டும் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆபீஸில் உட்கார்ந்து எழுதுபவருக்கும், காலால் மிதித்துத் தைப்பவருக்கும் ஒரே காயம் ஒரே நஷ்டம் ஆகாது. மாதம் எத்தனை ரவிக்கை தைத்தீர்கள், தையல்கூலி எவ்வளவு, யார் யாருக்குத் தைத்தீர்கள் என்று எழுதி, அளவு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு புது வக்கீலிடம் போங்கள். நீங்கள் ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்து, அதில் இதெல்லாம் விடுபட்டிருந்தால், மறுபடி கூண்டேற அனுமதி கேட்டு மனு போட முடியுமா என்று அவரிடம் முதல் நாளே கேளுங்கள்.