கறியும் மீனும்: எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது?

கேள்வி: கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 31 கிராம் புரதம் என்று ஒரு பட்டியல் சொல்கிறது. இன்னொன்று 23 என்கிறது. எதை நம்புவது? உண்மையில் எந்தக் கறியில்தான் புரதம் அதிகம்?

பதில்: இரண்டு பட்டியலும் சரிதான். 23 என்பது பச்சைக் கறியின் கணக்கு, 31 என்பது வெந்த கறியின் கணக்கு. வேகும்போது கறி ஏறக்குறைய கால் பங்கு எடையை நீராக இழக்கிறது. புரதம் அப்படியே நிற்பதால், மிஞ்சிய எடையில் அதன் பங்கு கூடுகிறது. பச்சையாக எடை போட்டுவிட்டு வெந்த கறியின் எண்ணால் பெருக்கினால், மூன்றில் ஒரு பங்கு இல்லாத புரதத்தைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பச்சை எடையில், எலும்பும் தோலும் இல்லாமல், 100 கிராமுக்குப் பார்ப்போம். கோழி நெஞ்சுக்கறி 22 முதல் 23 கிராம், தொடைக்கறி 19 முதல் 20. கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறி 20 முதல் 21. கொழுப்பற்ற மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் 21 அல்லது 22. சூரை மீன் 23 முதல் 24. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, இறால் எல்லாம் 20-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளைச் சதை மீன்கள் 17 முதல் 19, கணவாய் 15 அல்லது 16.

கணவாயைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. அதனால் ‘எதில் புரதம் அதிகம்’ என்பதைவிட, அந்தப் புரதத்தோடு கூடவே என்ன வருகிறது என்று பாருங்கள். கொழுப்பா, உப்பா, பாதரசமா, இரும்புச்சத்தா, ஒமேகா-3 கொழுப்பா? தேர்வு செய்ய வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: என் எடை 60 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கறி சாப்பிட வேண்டும்?

பதில்: ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்களுக்கு 50 கிராம். அது முழுவதும் கறியிலிருந்து வர வேண்டியதில்லை. தானியம், பருப்பு, பால், முட்டை சேர்ந்து பாதியைக் கொடுத்துவிடும் என்று வைத்துக்கொண்டால், மீதி 25 கிராமுக்கு எலும்பில்லாத பச்சைக் கறி 110 முதல் 125 கிராம் வேண்டும்.

வாங்கும்போது எலும்பையும் சேர்த்துத்தானே நிறுத்துத் தருகிறார்கள். எலும்போடு வெட்டிய கோழியில் மூன்றில் ஒரு பங்கு எலும்புக்குப் போகும், ஆகவே 170 முதல் 180 கிராம் எடுக்க வேண்டும். தலை, குடலோடு வாங்கும் சிறு மீனில் கழிவு 40 முதல் 50 சதவீதம். அங்கே 230 கிராமுக்குக் குறையாமல் வாங்கினால்தான் அதே அளவு சதை கிடைக்கும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரையும் வேகம் கூடுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் நல்லது. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 முதல் 2.0 வரை. உடல் பருமன் உள்ளவர்கள் இப்போதைய எடையை வைத்துப் பெருக்காமல், உயரத்துக்குத் தக்க எடையை வைத்துப் பெருக்குங்கள். ஒரே வேளையில் அரைக்கிலோ சாப்பிட்டுவிட்டு மற்ற வேளைகளை வெறும் மாவுச்சத்தில் ஓட்டுவதில் பெரிய லாபமில்லை. வேளைக்கு 20 முதல் 30 கிராம் புரதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உடல் புரதத்தைக் கொழுப்புபோல் சேமித்து வைப்பதில்லை. மிஞ்சியதை எரிபொருளாகச் செலவிட்டுவிடும்.

கேள்வி: தோலோடு சமைத்துவிட்டு, சாப்பிடும்போது தோலை எடுத்துவிடலாமா?

பதில்: எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுப்பில் சுடுவதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தோலின் கொழுப்பு சதைக்குள் அதிகம் இறங்காது, ஈரமும் தங்கும். குழம்பில் அது நடக்காது. உருகிய கொழுப்பு குழம்பிலேயே கலந்துவிடும், தோலை ஒதுக்கி வைத்தும் பயனில்லை. வெந்த நெஞ்சுக்கறியில் தோலோடு 100 கிராமுக்கு 8 கிராம் அளவு கொழுப்பு, தோல் இல்லாமல் அதில் பாதிக்கும் குறைவு.

ஆட்டில் தொடைப்பகுதி கொழுப்பு குறைந்தது, விலாப்பகுதி கூடியது. செம்மறி, வெள்ளாட்டைவிடக் கொழுப்பு மிகுந்தது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பை வெட்டி எடுத்தபின், சமைத்த குழம்பை ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மிச்சக் கொழுப்பும் மேலே ஆடையாக உறையும். கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள்.

கொத்துக்கறி வேண்டுமானால், துண்டைக் காட்டிக் கண்ணெதிரே அரைத்துத் தரச் சொல்லுங்கள். தயாராக இருப்பதில் எவ்வளவு கொழுப்பு கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தவிர, துண்டுக் கறியின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமிகள் அரைக்கும்போது உள்ளே போய்விடுகின்றன. கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: கறி பிடிக்காத பையனுக்கு எலும்பு சூப் மட்டும் கொடுக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின் என்ற புரதம். அதில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கிடையாது. சூப்பை ருசிக்காகக் கொடுங்கள், புரதத்துக்கு முட்டையோ மீனோ பருப்போ கொடுங்கள்.

கேள்வி: மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பெரிய மீன் துண்டுகளாக வாங்கினால் முள் தொல்லை இல்லை என்கிறாள். சின்ன மீன்தான் நல்லது என்கிறார்கள். எது சரி?

பதில்: இந்தச் சமயத்தில் சின்ன மீன்தான். கடலில் ஒன்றை ஒன்று தின்று மேலே போகப் போக, மீத்தைல் பாதரசம் என்ற நச்சு சேர்ந்துகொண்டே போகிறது. நெடுநாள் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீன்களில் அது உச்சத்தில் இருக்கும். சதையின் புரதத்தோடு பிணைந்து இருப்பதால் தோலை உரித்தாலும், கழுவினாலும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என்பதால் சுறா, வாள்மீன், மார்லின், பெருங்கண் சூரை ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான கிங் மாக்கரலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தவிர்க்கும் பட்டியலில் இருக்கிறது. பெரிய வஞ்சிரத்தையும் இப்போதைக்கு ஒதுக்குவதே எங்கள் யோசனை.

அதற்காக மீனையே நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு தவறு. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு மீனில்தான் நன்றாகக் கிடைக்கிறது. மத்தி, நெத்திலி, இறால் போன்றவற்றை நன்றாக வேகவைத்து, வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை இரண்டு மூன்று வேளையாகக் கொடுங்கள். மத்தியை மென்மையாக வேகவைத்தால் முள்ளையும் மென்று விழுங்கலாம், கால்சியமும் சேரும்.

ஈரலை மட்டும் கர்ப்ப காலத்தில் கொடுக்க வேண்டாம். வைட்டமின் ஏ-க்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 3000 மைக்ரோகிராம். ஆட்டு ஈரல் 100 கிராமிலேயே அது தாண்டிவிடும்.

கேள்வி: சூரை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து தலைவலி வந்தது. அதே மீனை முன்பு பலமுறை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. திடீரென ஒவ்வாமை வருமா?

பதில்: வரலாம், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீன் குளிரில்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. உருவான ஹிஸ்டமின் சமைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. மீன் கெட்ட நாற்றம் அடிக்க வேண்டும் என்றும் இல்லை. வாயில் மிளகுபோல் சுரீரென்று உறைத்தால் அந்தக் கவளத்தோடு நிறுத்திவிடுங்கள். அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உண்மையான ஒவ்வாமை இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்யாமல் மறுபடி அந்த மீனைத் தொடாதீர்கள்.

வாங்கும்போது கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, வயிறு உடையாமல் இறுக்கமாக இருக்கிறதா, விரலால் அழுத்திய குழி உடனே மேலெழுகிறதா என்று பாருங்கள். தலை இல்லாத துண்டுகளில் ஓரம் காய்ந்து மஞ்சளித்திருந்தாலோ, பாக்கெட்டில் பால்போல் நீர் தேங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள். உறைந்த மீன் பாக்கெட்டுக்குள் பனித்துகள் தடிமனாகப் படிந்திருந்தால் இடையில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஐஸ் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள் இருந்தாலும் பச்சை மீனை இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

கேள்வி: நெஞ்சுக்கறியை எப்படிச் செய்தாலும் சக்கையாகிவிடுகிறது. ஆட்டுக்கறியோ ரப்பர்.

பதில்: இரண்டுக்கும் காரணம் நேரெதிர். நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இணைப்புத்திசுவும் குறைவு. 74 டிகிரி எட்டியதும் அது வெந்துவிட்டது, அதற்குமேல் ஒவ்வொரு நிமிடமும் நீர்தான் பிழியப்படுகிறது. ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதால், தடித்த பக்கம் வேகும்வரை மெலிந்த பக்கம் காய்ந்துவிடும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டிச் சமப்படுத்திவிட்டுச் சமையுங்கள், இறக்கி ஐந்து நிமிடம் கழித்து வெட்டுங்கள். உணவு வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. தொடைக்கறிக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் தாங்கும்.

ஆட்டின் கால், கழுத்துப் பகுதிகளில் இணைப்புத்திசுவின் புரதமான கொலாஜன் அதிகம். அது ஜெலட்டினாக இளகப் பொறுமையான சூடு வேண்டும், ஒன்றரை இரண்டு மணி நேரம் இளந்தீயில், அல்லது குக்கரில். பாதி வெந்த நிலையில் இறக்கினால்தான் ரப்பர்.

கேள்வி: சாசேஜ், சலாமியில் புரதம் இருக்கிறதே, அவசரத்துக்கு ஆகாதா?

பதில்: எப்போதாவது ஆகும், பழக்கத்துக்கு ஆகாது. பதப்படுத்திய கறி மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அப்போது சொன்ன மதிப்பீடு. அவசரத்துக்கு எண்ணெய் இல்லாமல் நீரில் அடைத்த டின் மீன் மேல், உப்பின் அளவை மட்டும் லேபிளில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: யூரிக் அமிலம் கூடுதலாக இருக்கிறது. கறியை நிறுத்த வேண்டுமா?

பதில்: முழுவதும் வேண்டாம். ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், மத்தி, நெத்திலி ஆகியவற்றில் பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) மிக அதிகம், அவற்றை விடுங்கள். பியூரின் நீரில் கரையும் என்பதால் கறியை வேகவைத்த நீரை ஊற்றிவிட்டுச் சதையை மட்டும் அளவாக எடுக்கலாம், சூப் வேண்டாம். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கணக்கே வேறு. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 1.0 முதல் 1.2 என்று தலைகீழாக மாறும். அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பச்சைக் கோழியை எத்தனை முறை கழுவ வேண்டும்?

பதில்: ஒருமுறைகூட வேண்டாம். குழாய் நீர் பட்டுத் தெறிக்கும் துளிகள் கிருமிகளைத் தொட்டி, பாத்திரம், பச்சைக் காய்கறி என்று பரப்புகின்றன. ஒட்டியிருக்கும் ரத்தத்தைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து அதைக் குப்பையில் போடுங்கள். கழுவ வேண்டியது உங்கள் கையையும் கத்தியையும் பலகையையும், சோப்புப் போட்டு.